பாரிஷ் கவுன்சிலில் ஓர் இடம் காலியாம், நாமெல்லாம் போகலாமா? (இங்கிலாந்துக் கிராமங்களில் இருப்பவர்கள் சொல்லுங்கள்)

#1 இரவு ஷிப்ட்

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில் வேலை பார்க்கிறேன். ஸ்கில்டு ஒர்க்கர் விசா, வந்து மூன்று வருடம் ஆகிறது. இருப்பது சின்ன கிராமம், நானூறு வீடு இருக்கலாம். ஒரு பப், ஓர் ஆரம்பப் பள்ளி, பழைய சர்ச், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட நோட்டீஸ் போர்டு ஒன்று நிற்கிறது. உள்ளே ஈரம் கோத்து, குண்டூசியெல்லாம் துருப்பிடித்து, காகிதத்தில் பழுப்புக் கறை இறங்கியிருக்கும். இத்தனை நாளில் ஒரு தடவைகூட நின்று படித்ததில்லை. போன வாரம் பஸ் வரவில்லை, நாற்பது நிமிடம் அங்கேயே நிற்க வேண்டியதாகிவிட்டது, அப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். பாரிஷ் கவுன்சிலில் ஓர் உறுப்பினர் இடம் காலி என்று ஒரு நோட்டீஸ். பாரிஷ் என்றால் நம் ஊரில் பங்கு என்பார்களே, அது போல சர்ச் சம்பந்தப்பட்டது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். நோட்டீஸைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டிலிருந்து கேர் ஹோமுக்கு ஒன்றே கால் மைல். பாதி தூரத்துக்கு நடைபாதை கிடையாது, சாலையோரப் புல்லில்தான் நடக்க வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஒரு நாள் ஒரு வேனின் பக்கக் கண்ணாடி என் தோள் பையை உரசிக்கொண்டு போனது, பையின் வார் அறுந்து சாப்பாட்டு டப்பா சாலையில் உருண்டது. இரண்டு கவுன்சிலுக்கு போன் செய்தேன். அது எங்களுடையது இல்லை என்று இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டார்கள். இந்த மூன்றாவது கவுன்சில் என்ன செய்யும்? நான் ஓட்டுப் போடலாமா? அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

#2 பழைய கிளார்க்

தம்பி, நான் ஏழு வருடம் பாரிஷ் கிளார்க்காக இருந்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சர்ச் பங்கு வேறு, இது வேறு. ஒரு காலத்தில் சர்ச்சில் கூடும் சபைதான் ஏழைகளுக்கு உதவி, பாதை பராமரிப்பு என்று ஊர்க் காரியங்களையும் பார்த்தது. 1894-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம் ஊர்க் காரியத்தைத் தனியாகப் பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில் கையில் கொடுத்தது. இன்றைக்கு இங்கிலாந்தில் பாரிஷ், டவுன் கவுன்சில் எல்லாம் சேர்த்துச் சுமார் 10,000 இருக்கின்றன. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் கம்யூனிட்டி கவுன்சில் என்பார்கள், சட்டம் வேறு.

சாலை கவுன்டி கவுன்சிலுடையது (கவுன்டியும் டிஸ்ட்ரிக்ட்டும் ஒன்றாகிவிட்ட யூனிட்டரி கவுன்சில் இருக்கும் இடத்தில் அவர்களுடையது). குப்பை எடுப்பது, வீடு கட்ட அனுமதி கொடுப்பது கவுன்டிக்குக் கீழே உள்ள டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். பாரிஷிடம் இருப்பது விளையாட்டுத் திடல், அலாட்மென்ட் (காய்கறி போட வாடகைக்குக் கொடுக்கும் துண்டு நிலம்), இடுகாடு, பஸ் நிழற்குடை, பெஞ்ச், ஊர்ப் புல்வெளி, சில ஊரில் தெருவிளக்கு. பணம் எங்கிருந்து என்றால் உங்கள் கவுன்சில் டேக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள், பாரிஷ் என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பெயர் பிரிசெப்ட். உதாரணத்துக்கு, வருடத்துக்கு 24,000 பவுண்டு வேண்டும் என்று பாரிஷ் தீர்மானித்து, அந்த ஊரில் பேண்ட் டி (வரிக் கணக்குக்கு அளவாக எடுத்துக்கொள்ளும் வீட்டு வகை) கணக்கில் 400 வீடு இருந்தால், வீட்டுக்கு 60 பவுண்டு. அதை முழுதாக டிஸ்ட்ரிக்ட் வசூலித்து பாரிஷுக்குக் கொடுத்துவிடும்.

ஓட்டு: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருந்தால், 18 வயதானால், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், ஓட்டுப் போடலாம். நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது, உடனே சேருங்கள்.

உறுப்பினராக: இங்கேதான் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். காமன்வெல்த்காரர் நிற்க வேண்டுமானால் ஐ.எல்.ஆர் (இங்கே காலவரையின்றித் தங்கும் அனுமதி) வேண்டும். உங்கள் விசாவில் இப்போது முடியாது. ஐ.எல்.ஆரோ குடியுரிமையோ இருப்பவர்களுக்கு வழி சுலபம். அந்தப் பாரிஷின் வாக்காளராக இருந்தால் போதும். இல்லையா, கடந்த 12 மாதமும் அங்கேயோ அதற்கு 3 மைல் சுற்றளவிலோ குடியிருந்திருந்தால் போதும். அந்த 12 மாதமும் முக்கிய வேலையிடம் அந்தப் பாரிஷுக்குள் இருந்திருந்தாலும் சரி. காலி இடம் என்று நோட்டீஸ் போட்ட 14 வேலை நாளுக்குள் பத்து வாக்காளர் எழுதிக் கேட்டால் தேர்தல் நடக்கும். யாரும் கேட்கவில்லை என்றால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ஆனால் உறுப்பினராக ஆகாமலே நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் வைத்திருப்பார்கள். போய் அந்தச் சாலையைப் பற்றிச் சொல்லுங்கள். சாலை அவர்களுடையது இல்லை, ஆனால் கவுன்டிக்கு நீங்கள் போன் செய்வதும் பாரிஷ் தீர்மானம் போட்டு எழுதுவதும் ஒன்றில்லை.

#3 தோட்டக்காரி

அண்ணா சொல்வது அத்தனையும் உண்மை. என் அனுபவத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருக்கும் கிராமத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறடிச் சிமென்ட் தளம், அதுதான் தோட்டம். அலாட்மென்ட் கேட்டேன், ஊரில் இல்லவே இல்லை என்றார்கள். நூலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்தான் 1908-ஆம் வருட அலாட்மென்ட் சட்டத்தைக் காட்டினார். ஆறு வாக்காளரோ வரி கட்டுபவரோ சேர்ந்து எழுதிக் கொடுத்தால், அலாட்மென்ட் தேவையா என்று பாரிஷ் கவுன்சில் பரிசீலித்தே ஆக வேண்டும், தேவை இருக்கிறது என்று தெரிந்தால் ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை. எடுத்தவுடன் கொடுத்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் பரிசீலிக்காமல் ஓரம்கட்ட முடியாது.

ஆறு கையெழுத்துக்கு நான் பத்து வீடு ஏறினேன். அந்தப் பத்து வீட்டில்தான் எனக்கு ஊரே அறிமுகமானது. கடைசியில் ஒன்பது கையெழுத்து. இரண்டு வருடம் ஆனது, பொய் சொல்லவில்லை, இரண்டு முழு வருடம். கடைசியில் ஒரு விவசாயி தன் வயல் ஓரத்தைக் குத்தகைக்குக் கொடுக்க, பாரிஷ் வேலி போட்டு, ஒரு தண்ணீர்க் குழாய் இழுத்துக் கொடுத்தது. முழு மனை என்றால் பழைய கணக்கில் பத்து ராட், 250 சதுர மீட்டர். எங்களுக்குக் கிடைத்தது அரை மனை. அதிலேயே வெந்தயக்கீரை, கொத்தமல்லி, பூசணி, கொடி அவரை. ஜூனில் முளைக்கீரை விதைத்தால் ஆகஸ்டுக்குள் இரண்டு அறுப்பு. செப்டம்பர் கடைசியில் ஒரே ராத்திரி உறைபனி விழுந்து பூசணிக் கொடி முழுவதும் கருகிக் கறுத்துப் போய்விட்டது, காலையில் பார்த்து அழுகையே வந்துவிட்டது. பக்கத்து மனைக்காரர், எண்பது வயது இருக்கும், ஒன்றும் பேசாமல் தன் பூசணி ஒன்றைக் கொண்டுவந்து என் வண்டியில் வைத்துவிட்டுப் போனார். இப்போது அவர் என் கீரையை வெண்ணெயில் வதக்கிச் சாப்பிடுகிறார்.

தம்பி, கூட்டத்துக்குப் போங்கள்.

#4 சந்தேகக்காரன்

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு நாலு தடவை போயிருக்கிறேன். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஒரு மணி நேரம் நாய்க் கழிவுத் தொட்டியை எங்கே வைப்பது என்ற பேச்சு. வந்திருந்தவர்களில் ஐம்பது வயதுக்குக் கீழே நான் ஒருவன்தான். பாதிப் பேர் போட்டியே இல்லாமல் உள்ளே வந்தவர்கள். வீடு கட்டும் விண்ணப்பத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்து எழுதுவார்கள், டிஸ்ட்ரிக்ட் அதைப் படித்துவிட்டு அனுமதி கொடுத்துவிடும். 2020 டிசம்பரில் செஷையரில் ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சிலின் ஜூம் கூட்டம் சண்டையாகி, 2021 பிப்ரவரியில் அந்த வீடியோவை உலகமே பார்த்தது நினைவிருக்கிறதா, அந்த மாதிரி வாக்குவாதத்தை நான் நேரிலேயே பார்த்தேன்.

பணத்தைப் பற்றியும் பேசுங்கள். பெரிய கவுன்சில்கள் வரியை ஓர் அளவுக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும், பாரிஷுக்கு அந்தக் கட்டுப்பாடு இதுவரை இல்லை. எங்கள் பிரிசெப்ட் ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட இரு மடங்கு ஆனது. ஏன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிற குடும்பத்துக்கு அந்தப் பணமும் பணம்தான்.

#5 பழைய கிளார்க்

சந்தேகக்காரன் சொல்வதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. ஏழு வருடத்தில் வேறு பாரிஷ்களில் இரண்டு கிளார்க்குகள் இந்த மாதிரிக் கூட்டங்களால் வேலையை விட்டதை நான் பார்த்தேன். ஆனால் இரு மடங்கு ஏன் ஆனது என்று கேட்கிற வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு வருடமும் 30 வேலை நாள் பாரிஷ் கணக்கு பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்க வேண்டும், அதில் ஜூலை மாதத்தின் முதல் 10 வேலை நாள் கட்டாயம் அடங்கும். ரசீது, பில், ஒப்பந்தம் எல்லாம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். வாக்காளராக இருந்தால் தணிக்கையாளருக்கே கேள்வி அனுப்பலாம், ஆட்சேபம் தெரிவிக்கலாம். வருடத்துக்கு 25,000 பவுண்டுக்குள் வரவு செலவு இருக்கும் சின்ன கவுன்சில்கள் வெளித்தணிக்கையிலிருந்து விலக்கு வாங்கிக்கொள்ளலாம், அங்கேதான் ஊர்க்காரர்கள் கண் இன்னும் அதிகமாக வேண்டும். நான் கிளார்க்காக இருந்த ஏழு வருடத்தில் கணக்குப் பார்க்க வந்தவர் ஒரே ஒரு பெண்மணி. அவர் வந்து போனதிலிருந்து நான் இன்னும் ஒழுங்காக எழுதினேன், அதைத் திறந்து சொல்கிறேன்.

அப்புறம் ஆண்டுப் பாரிஷ் கூட்டம். மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில் நடத்த வேண்டும், மாலை ஆறு மணிக்கு முன் தொடங்கக் கூடாது. அது கவுன்சிலின் கூட்டமே இல்லை, வாக்காளர்களின் கூட்டம். நம் ஊர்க் கிராம சபை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம்.

வீடு கட்டும் விஷயத்திலும் ஒன்று. டிஸ்ட்ரிக்ட்தான் முடிவெடுக்கும், சரி. ஆனால் ஊர் தனக்கென்று நெய்பர்ஹுட் பிளான் (ஊரில் எங்கே என்ன கட்டலாம் என்ற திட்டம்) எழுதி வாக்கெடுப்பில் ஜெயித்துவிட்டால் அந்த முடிவில் அதற்குச் சட்டப்படி இடம் உண்டு. 2011 லோக்கலிசம் சட்டத்தில் வந்தது. முதலாவதாக வாக்கெடுப்பு நடந்தது கும்பிரியாவில் அப்பர் ஈடன் பகுதியில், 2013 மார்ச்சில், 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. கட்டுமானக்காரர்களிடம் சி.ஐ.எல் கட்டணம் வாங்கும் பகுதியாக இருந்தால் அதில் 15 சதவீதம் பாரிஷுக்கு, பிளான் இருந்தால் 25 சதவீதம். அந்தப் பணத்தில் திடல் போட்ட ஊர்கள் இருக்கின்றன.

இன்னொன்று. டிஸ்ட்ரிக்ட்களைக் கலைத்து ஒரே பெரிய கவுன்சிலாக ஆக்குவது பரவிக்கொண்டே போகிறது. கும்பிரியா (அங்கே மட்டும் இரண்டு கவுன்சிலாக), வடக்கு யார்க்ஷயர், சோமர்செட் மூன்றும் 2023 ஏப்ரல் 1-ல் மாறிவிட்டன. மேலே உள்ளது பெரிதாகப் பெரிதாக, கழிப்பறை, பூங்கா என்று சின்ன காரியங்கள் கீழே இறங்கி வருகின்றன. பிரிசெப்ட் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் ஊரில் அதுதானா என்று ஜூலையில் போய்ப் பாருங்கள்.

#6 கடைக்கணக்கு

பாரிஷ் கவுன்சில் தானே எல்லாம் செய்ய வேண்டும் என்றில்லை, ஊர் தொடங்கி வைக்கிற காரியத்துக்குத் தோள் கொடுத்தாலே போதும். எங்கள் ஊர்க் கடை அப்படித்தான் பிழைத்தது.

கடைக்காரர் ஓய்வு பெறப் போகிறார், கட்டடத்தை விற்கப் போகிறார் என்று தெரிந்தவுடன், அதை ஊரின் பயன்பாட்டுச் சொத்தாகப் பட்டியலிடச் சொல்லி பாரிஷ் விண்ணப்பித்தது. பட்டியலில் ஏறிவிட்டால் ஐந்து வருடம் நிற்கும். உரிமையாளர் விற்கப் போகிறேன் என்று அறிவித்த ஆறு வாரத்துக்குள் ஊர்க்குழு ஒன்று விருப்பம் சொன்னால், மொத்தம் ஆறு மாதம் வேறு யாருக்கும் விற்கக் கூடாது. அவர் நமக்குத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, பணம் திரட்ட அவகாசம் கிடைக்கும், அவ்வளவே. அந்த ஆறு மாதம் நாங்கள் தூங்கவில்லை. பிளங்கெட் அமைப்பு (1919-லிருந்து கூட்டுறவுக்காக வேலை செய்பவர்கள்) வழி காட்ட, சமூக நலச் சங்கமாகப் பதிவு செய்து பங்கு விற்றோம். பத்துப் பவுண்டு போட்டவருக்கும் ஆயிரம் போட்டவருக்கும் ஓட்டு ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கடை திறப்பது என் முறை. ரொட்டித் தட்டு வாசலில் இருக்கும், செய்தித்தாள் கட்டை அறுத்து, யார் யாருக்கு எது என்று மேலே பென்சிலில் வீட்டுப் பெயர் எழுத வேண்டும். முதல் மாதம் எனக்கு ஒரு வீட்டுப் பெயரும் தெரியாது. இப்போது ஒரு வீட்டின் செய்தித்தாள் ஒன்பது மணி வரை எடுக்காமல் கிடந்தால் நானே போய்க் கதவைத் தட்டுகிறேன். தனியாக இருக்கும் பெரியவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள்.

#7 வன்னி அக்கா

எங்கட ஊரில் சிவப்புத் தொலைபேசிப் பெட்டி ஒன்று பாழடைந்து நின்றது. பிரிட்டிஷ் டெலிகாம் ஒரு பவுண்டுக்கு அதைப் பாரிஷுக்குக் கொடுத்துவிட்டது, 2008-லிருந்து அப்படி ஒரு திட்டம் இருக்கிறது. அதற்குள் டிஃபிப்ரிலேட்டர் (இதயம் நின்றால் மின் அதிர்ச்சி கொடுக்கிற கருவி) வைத்தார்கள். பூட்டு இருந்தால் பயப்பட வேண்டாம், 999 அடித்தால் அதைத் திறக்கிற எண்ணை அவர்களே சொல்லுவார்கள், ஆனால் அந்தப் பெட்டி சர்க்யூட் என்கிற தேசியப் பதிவில் இருந்தால்தான் அவர்களுக்குத் தெரியும். உங்கள் ஊரில் இருப்பது பதிவாகியிருக்கிறதா என்று தயவுசெய்து கிளார்க்கிடம் கேளுங்கள். இதயம் நின்றுபோனால் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு பத்து சதவீதம் அளவில் குறைகிறது. கிராமத்துக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வில்லேஜ் ஹாலில் பயிற்சி வைத்தபோது என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவவுக்கு ஆங்கிலம் குறைவு. சொல்லிக் கொடுத்த பிள்ளை பொம்மையின் நெஞ்சில் அவவின்ட கையை எடுத்து வைத்து, இவ்வளவு ஆழம் என்று தானும் சேர்ந்து அமத்திக் காட்டினாள். அதற்கு மொழி தேவைப்படவில்லை. எழுபத்திரண்டு வயதில் அவ இரண்டு நிமிடம் விடாமல் அமத்தினா.

#8 கேபிள் போட்டவன்

சுருக்கமாக. லங்காஷயரில் லூன் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கிறேன். பெரிய கம்பெனிகள் ஃபைபர் தர மாட்டோம் என்று ஒதுங்கிய இடம். 2011-ல் பி4ஆர்என் என்று ஊர்க்காரர்களே சங்கம் தொடங்கி, வயல்காரர்கள் காசு வாங்காமல் வழி விட, ஆளாளுக்கு மண் தோண்டிக் குழாய் புதைத்து கிகாபிட் இணையம் கொண்டுவந்தார்கள். நான் வந்தபோது எங்கள் பக்கம் கடைசிக் கட்டம், இரண்டு வார இறுதி நானும் தோண்டினேன். யாராவது செய்வார்கள் என்று உட்கார்ந்திருந்தால் இன்னும் உட்கார்ந்துதான் இருப்போம்.

#9 இரவு ஷிப்ட்

நேற்றுக் கூட்டத்துக்குப் போய் வந்தேன்! ஷிப்ட் மாற்றிக் கொடுத்த தோழிக்கு நன்றி.

கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டுமாம், அதே நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள், போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். வில்லேஜ் ஹாலில் மேசையைச் சுற்றி ஆறு பேர், ஏழாவது நாற்காலி காலி. பார்வையாளராக நானும் இன்னொருவரும். ஆளுக்கு மூன்று நிமிடம். எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். கை நடுங்கியது. தோள் பையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், அறுந்த வாரை மேசைமேல் வைத்துக் காட்டினேன்.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு வயதான பெண் உறுப்பினர், எந்த இடம், பழைய களஞ்சியம் தாண்டியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அங்கே நடைபாதை இருக்கிறதே, நான் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் நடந்து போனேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. மூன்று வருடம் தினமும் நடக்கிறேன், அங்கே புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. புல்லுக்கு அடியில் என்றார் அவர்.

கிளார்க் மினிட்ஸில் எழுதிக்கொண்டார். கவுன்டி நெடுஞ்சாலைப் பிரிவுக்குக் கடிதம் எழுதுவது, அந்த இடத்தை நேரில் பார்க்க ஆள் அனுப்பச் சொல்வது, வேகக் கண்காணிப்புக்குத் தன்னார்வலர் சேர்ப்பது என்று மூன்று தீர்மானம். பேச்சு முழுவதும் பதினைந்து நிமிடம்தான். வெளியே வரும்போது அந்த அம்மா என் பெயரைக் கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்துச் சரியாக உச்சரித்தார்.

#10 சந்தேகக்காரன்

படித்தேன். நல்லது நடக்கட்டும் தம்பி. ஜூலையில் கணக்குப் பார்க்கப் போகிறேன், என்ன வருகிறது என்று இங்கே எழுதுகிறேன்.

#11 தோட்டக்காரி

கடிதம் போய் ஆறு வாரத்தில் பதில் இல்லை என்றால் அடுத்த கூட்டத்திலும் எழுந்து கேளுங்கள். நான் அப்படித்தான் இரண்டு வருடத்தை ஓட்டினேன். இன்னொரு செய்தி, எங்கள் பாரிஷிலும் ஓர் இடம் காலி. எனக்கு ஐ.எல்.ஆர் இருக்கிறது. இன்று காலை கிளார்க்குக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன்.

#12 இரவு ஷிப்ட்

நான்கு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கவுன்டியிலிருந்து ஒருவர் வந்து கம்பியால் குத்திப் பார்த்தார். நாலு விரல் மண்ணுக்குக் கீழே தார். அகலப்படுத்தவோ புதிதாகப் போடவோ இப்போது பணம் இல்லை, ஆனால் மேலே ஏறியிருக்கும் புல்லையும் மண்ணையும் ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். பகலில் மட்டும், மஞ்சள் மேலாடை போட்டு, சாலையில் கூம்பு வைத்து. தன்னார்வலர்களைத் தன் காப்பீட்டில் சேர்த்ததும், மண்ணை அள்ளிப் போக டிராக்டர் வண்டிக்குப் பணம் கொடுத்ததும் பாரிஷ்.

போன சனிக்கிழமை பதினோரு பேர் வந்தோம், எங்கள் கேர் ஹோமிலிருந்து மட்டும் நாலு பேர். மண்வெட்டியைச் சாய்த்துப் போட்டால் புல் பாய் மாதிரி சுருண்டு வருகிறது, கீழே கறுப்பாகப் பாதை, விளிம்புக் கல்கூட அப்படியே இருக்கிறது. அந்த அம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது மீட்டர் முடிந்தது, இன்னும் நூற்றைம்பது மீட்டர் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மறுபடி தொடங்குகிறோம்.